முதல் பக்கத்து அக்கறை

பெறுநர்: மனிதவளத் துறை, 'சமவாய்ப்பு வழங்கும்' தனியார் நிறுவனங்கள் அனைத்தும்.
பொருள்: விண்ணப்பப் படிவத்தில் தாங்கள் காட்டும் பரிவுக்கு நன்றி தெரிவித்தல்.

ஐயா / அம்மையீர்,

தங்கள் படிவம் நெஞ்சைத் தொடுகிறது. படிப்பு என்ன, அனுபவம் என்ன என்று கேட்பதற்கு முன்பே, பெயருக்கும் கைபேசி எண்ணுக்கும் கீழே, 'நீங்கள் மாற்றுத்திறனாளியா? ஆம் / இல்லை' என்று விசாரிக்கிறீர்கள். பக்கத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரம். பதில் சொல்லாமல் அடுத்த பக்கம் திறக்காது. 'ஆம்' என்றால் எந்த வகை என்று கேட்டு, சட்டம் சொல்லும் 21 வகைகளும் ஒன்றுவிடாமல் வரிசையாக விழுகின்றன. பிறகு எத்தனை சதவீதம் என்று ஒரு பெட்டி. என்ன வசதி செய்து தர வேண்டும் என்று கேட்கும் பெட்டி மட்டும் இல்லை. இடம் போதவில்லை போலும்.

ஒரு தகவலை எப்போது கேட்கிறீர்கள் என்பதிலேயே, எதற்குக் கேட்கிறீர்கள் என்பது தெரிந்துவிடுகிறது. வேலை கொடுத்தபின் கேட்டால், அது ஸ்க்ரீன் ரீடர் வாங்கவும் சாய்தளம் கட்டவும் உதவும். ஆளைப் பார்க்கும் முன்பே கேட்டால், ஆளைக் கழிக்கத்தான் உதவும். இலை போடும் முன்பே சர்க்கரை உண்டா என்று கேட்டு, உண்டு என்றவரைப் பந்திக்கே விடாத உபசாரம் இது. கழித்ததை யாரும் நிரூபிக்கவும் முடியாது. 'தற்போதைய தேவைக்குத் தங்கள் தகுதிகள் பொருந்தவில்லை' என்ற மின்னஞ்சலில் காரணம் எழுதும் வழக்கம் தங்களுக்கு இல்லையே. இதனால்தான் அமெரிக்கா 1990ஆம் ஆண்டுச் சட்டத்திலும், பிரிட்டன் 2010ஆம் ஆண்டு சமத்துவச் சட்டத்தின் 60ஆம் பிரிவிலும், வேலை தருவதாகச் சொல்லும்வரை இத்தகைய கேள்விகளுக்குக் கடிவாளம் போட்டன. நம்முடைய 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பாகுபாட்டைத் தடுக்கிறது, கேள்வியைத் தடுக்கவில்லை. தண்டனையிலும் அது தங்கள்மீது கனிவாகவே இருக்கிறது. சட்டத்தை முதன்முறை மீறும் நிறுவனத்துக்கு அபராதம் அதிகபட்சம் 10,000 ரூபாய். மாற்றுத்திறனாளி என்று ஏமாற்றிச் சலுகை பெறுபவருக்கோ 2 ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உண்மையைச் சொன்னதால் வேலை கிடைக்காமல் போனவரின் கணக்கு எந்தப் பிரிவிலும் தனியாக இல்லை.

இட ஒதுக்கீட்டுக்காகக் கேட்கிறோம் என்பீர்கள். 34ஆம் பிரிவின் 4 சதவீதம் அரசுப் பணிகளுக்கு; அங்கே சான்றிதழைக் காட்டினால்தான் உரிமை கிடைக்கும், எனவே கேட்பதில் பொருள் உண்டு. தங்களுக்கு அந்தக் கட்டாயம் எதுவும் இல்லை. பதிவேடு வைக்கச் சொல்கிறதே சட்டம் என்பீர்கள். அது வேலையில் சேர்ந்தவர்களுக்கான பதிவேடு, வாசலில் நிற்பவர்களுக்கானது அல்ல. நேர்காணலுக்கு ஏற்பாடு செய்ய வேண்டாமா என்பது மட்டும் நியாயமான கேள்வி. அதற்கு நோயின் பெயரும் சதவீதமும் எதற்கு? தரைத்தளத்து அறை வேண்டும், சைகைமொழி பெயர்ப்பாளர் வேண்டும் என்ற அளவு தெரிந்தால் போதாதா? பாதுகாப்பு சம்பந்தப்பட்ட வேலையென்றால், இந்த வேலையின் இன்ன பகுதியைச் செய்ய முடியுமா என்று நேராகக் கேட்கலாம். பிரிட்டன் சட்டமும் அதற்கு விலக்கு தருகிறது. மறைப்பது நேர்மையா என்பது கடைசி ஆட்சேபணை. முதலில் தாங்கள் மறைப்பதைப் பார்ப்போம். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் எந்தெந்தப் பணிகள் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றவை, என்னென்ன வசதிகள் உண்டு என்பதைச் சமவாய்ப்புக் கொள்கையில் எழுதி வெளியிட வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டு விதி. மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3 அன்று வரவேற்பறையில் கோலம் போட்டு எடுத்த படங்களைத் தங்கள் இணையதளத்தில் காணலாம். அந்தக் கொள்கையை எங்கே வைத்திருக்கிறீர்கள்?

ஆகவே ஒரு வேண்டுகோள். முதல் பக்கத்துக் கேள்வியை எடுத்துவிட்டு, 'தேர்வுக்கோ நேர்காணலுக்கோ ஏதேனும் ஏற்பாடு தேவையா?' என்று விண்ணப்பிக்கும் எல்லோரிடமும் கேளுங்கள். மற்ற விவரங்களை நியமன ஆணையைக் கையில் கொடுத்தபின் கேட்டுக்கொள்ளலாம். அதுவரை, 'இல்லை' என்று டிக் அடிப்பவரைப் பொய்யர் என்று சொல்லும் தகுதி தங்களுக்கு இல்லை.