கணக்கு ஆகாத நாக்கு

பாட்டில் ஒன்று. நடுவரும் ஒருவரே. மதிப்பெண் மட்டும் மூன்று.

கலிஃபோர்னியா மாநிலச் சந்தையின் ஒயின் போட்டியில் 2005 முதல் ஆண்டுதோறும் நடந்த கூத்து இது. அம்பலமாக்கியவர் ராபர்ட் ஹாட்ஜ்சன். புள்ளியியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். சொந்தமாக ஒயின் தயாரிப்பவர். தம் ஒயின் ஓரிடத்தில் தங்கம் வாங்குவதும், வேறிடத்தில் வெறுங்கையோடு திரும்புவதும் அவரை உறுத்தின. புலம்பவில்லை. கணக்குப் போட்டார். நடுவர் முன் வரிசையாக வந்த கோப்பைகளுக்குள் ஒரே பாட்டில் ஒயினை மூன்று முறை ஒளித்து வைத்தார்.

முடிவு 2008-இல் அச்சேறியது. 90 வாங்கிய ஒயின் சில நிமிடங்களில் 86 ஆகும், 94-உம் ஆகும். தன் தீர்ப்பில் தானே நின்ற நடுவர் பத்தில் ஒருவர். அவரும் அடுத்த ஆண்டு சறுக்கினார்.

காட்டுப் பழம், ஈரக் கல், பழந்தோல் என வாசனை பிரிக்கும் நாக்குகள் இவை. சற்றுமுன் குடித்ததையே மறுபடி குடிக்கிறோம் என்பது மட்டும் தெரியாது.

ஹாட்ஜ்சன் அடுத்து 13 போட்டிகளின் முடிவுகளை அலசினார். மூன்றுக்கும் மேற்பட்ட போட்டிகளுக்குப் போன 2,440 ஒயின்களில் 47 சதவீதம் எங்கேனும் தங்கம் வென்றன. அப்படி வென்றவற்றில் 84 சதவீதம் இன்னொரு போட்டியில் ஒன்றுமே வாங்கவில்லை. தங்கம் வேண்டுமா? திராட்சையைக் கவனிக்காதீர்கள். நுழைவுக் கட்டணத்தைக் கட்டிக்கொண்டே இருங்கள்.

பிரின்ஸ்டன் பொருளியலாளர் ஆர்லி ஆஷன்ஃபெல்டர் இன்னொரு பாவம் செய்தார். குளிர்கால மழை, விளையும் காலத்து வெயில், அறுவடை நேரத்து மழை. இவற்றை வைத்தே போர்தோ ஒயினின் தரத்தைக் கணித்தார். ஒரு சொட்டும் குடிக்கவில்லை. வல்லுநர்கள் கொதித்தார்கள். சுவை என்ன, சூத்திரமா?

அப்படியானால் ஒயின் விமர்சகர்கள் 100-க்குப் போடும் மதிப்பெண் எதற்கு? அதிலும் முதல் 50 இலவசம். பாட்டில் மேசைக்கு வந்தாலே போதும். 89-க்கும் 90-க்கும் நடுவே கோடு கிழித்தது எந்தக் கலைத் தெய்வம்? மதிப்பெண் போடும்வரை கணிதம் வேண்டும். அந்த மதிப்பெண்ணைச் சோதிக்க வந்தால் கணிதம் ஆகாது.

பதக்க ஸ்டிக்கரை நம்பிக் காசு கொடுப்பவர் வாடிக்கையாளர். பதக்கம் கிடைக்காமல் கட்டணத்தைத் தொலைப்பவர் தயாரிப்பாளர். நடுவர்களுக்கு நஷ்டமே இல்லை. அவர்களுக்கும் ஒரு பரீட்சை நடந்தது; பத்தில் ஒன்பது பேர் தோற்றார்கள்.

தோற்றவர்களிடம்தான் இன்றும் விடைத்தாள் திருத்தக் கொடுக்கிறோம்.