தொழில் நடக்கும் இடம்: எக்ஸெல் வண்டி

உரிமப் பிரிவின் மேசை அவர்களுக்கு,

ஆள் மாறினாலும் மேசை மாறுவதில்லை. அதனால் நேராக உங்களுக்கே எழுதுகிறேன்.

நான் திருப்பூர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் ஓட்டிய டைலர். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி என்றதும், ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆனது. அதுவும் போய் ‘ஆர்டர் வந்தா சொல்லி அனுப்புறோம்’ என்றானது. அப்போது தொடங்கியதுதான் வீடு தேடிப் போய்ச் செய்யும் மசாஜ். பெண்களுக்கு மட்டும். முதலீடு: ஒரு பாய், நல்லெண்ணெய், காதர்பேட்டையில் வாங்கிய செகண்ட்ஸ் டவல்கள், ஒரு டி.வி.எஸ். எக்ஸெல்.

உரிமம் கேட்டு உங்களிடம் கொடுத்த மனுவில், ‘தொழில்’ என்ற கட்டத்தில் மசாஜ் என்று எழுதியிருந்தேன். உங்கள் பின்னால் உட்கார்ந்திருந்தவர் அதைப் படித்துவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தார். “என்ன மாதிரி மசாஜ்ங்க?” என்றார். குறுக்கு வலிக்குங்க என்றேன். பக்கத்து மேசையும் திரும்பிப் பார்த்தது.

பிறகு தொழில் நடக்கும் இடத்தின் பரப்பளவு கேட்டீர்கள். எக்ஸெல் வண்டியின் நீள அகலத்தை இத்துடன் இணைத்துள்ளேன். வாடகை ஒப்பந்தம் இல்லை, வண்டி சொந்தம். அவசர வழி இரண்டு பக்கமும் உண்டு.

கேமரா விஷயத்தில்தான் உங்கள் வழிகாட்டுதல் தேவை. ஸ்பா, மசாஜ் நிலையங்களில் எல்லாம் சிசிடிவி வைக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 டிசம்பரில் சொன்னது. அடுத்த மாதமே, 2022 ஜனவரியில், அது அந்தரங்க உரிமையில் கை வைப்பது என்று அதே நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. நான் போகும் வீடுகளோ லைன் வீடுகள். ஒரே அறை, அதில் கட்டில், காஸ் அடுப்பு, தூங்கும் பிள்ளை. கேமராவை எங்கே மாட்டட்டும்? சுவரில் ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடமாட்டார்.

மத்திய அரசை மட்டும் குறை சொல்ல முடியாது. 2008-ஆம் ஆண்டின் தேசியத் தொழில் வகைப்பாட்டில் எனக்கு இடம் இருக்கிறது: 9609, பிற தனிநபர் சேவைகள். ஜோசியர், கல்யாணத் தரகர், ஷூ பாலீஷ் போடுகிறவர் எல்லாரும் என் கூட்டாளிகள். ஜோசியரிடம் யாரும் ‘என்ன மாதிரி ஜோசியம்?’ என்று கேட்டுச் சிரித்ததாகத் தெரியவில்லை.

இந்த ஊருக்கு நான் எதற்கு என்று கேட்கலாம். பவர் டேபிளில் உட்கார்ந்தவர் உடம்பைத் தொட்டுப் பார்த்தால் எந்த மெஷின் ஓட்டுகிறார் என்று சொல்லிவிடலாம். தையலைப் பார்த்தே குனிந்த கழுத்து நிமிர மறுக்கும். பெடல் மிதிக்கும் காலில் கெண்டைச் சதை விறைத்துப் போயிருக்கும். தோள்பட்டை எலும்பின் ஓரமாகக் கட்டைவிரலை வைத்து இறக்கினால் ஓரிடத்தில் புளியங்கொட்டை மாதிரி ஒன்று நெருடும். அதை அழுத்தும்போது அந்தம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு, பிறகு விடுவார். செக்கிங் பெண்களுக்கு நின்று நின்று குதிகால் போயிருக்கும். பையர் ஆடிட் வரும் நாளில் மட்டும் காலடியில் ரப்பர் மேட் முளைக்கும் கம்பெனிகள் உண்டு. நம் கூலி ஒப்பந்தத்தில் கைமடி, செக்கிங், டேமேஜ் என்று தனித்தனியாக எழுதியிருக்கிறார்கள். டேமேஜ் என்றால் துணியில் விழுவது. உடம்பில் விழுவதற்குத் தனி வரி எதுவும் இல்லை.

இது ஏதோ வெளிநாட்டு மோகம் என்றும் நினைத்துவிட வேண்டாம். சித்த மருத்துவத்தில் இதற்குத் தொக்கணம் என்று பெயர்; தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று ஒன்பது வகை. பத்திரிகைகளில் ‘மசாஜ்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ‘என்ற பெயரில்’ என்று சேர்ந்தே வருவதால் அந்த ஒன்பதையும் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. இவ்வளவு ஏன், பச்சைப்பிள்ளைக்குத் தண்ணி ஊத்த வீடு வீடாகப் போகும் ஆயாக்கள் செய்வது என்ன? கால் நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் குப்புறப் போட்டு, எண்ணெய் தேய்த்து, கை காலை மடக்கி நீட்டி, மூக்கைப் பிடித்துவிட்டு, தலையை உருட்டித் திருத்துகிறார்கள். பரப்பளவு, கேமரா, அவசர வழி எதுவும் இல்லாமல் நடந்த தொழில். உங்கள் பின்னால் இருப்பவரின் தலை அவ்வளவு உருண்டையாக இருப்பதற்கும் இப்படி ஒரு உரிமமில்லாத ஆயாதான் காரணமாக இருக்கும். அந்த ஆயா மீது இனிமேல் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என் மனு உங்கள் மூன்றாவது இழுப்பறையில் இருப்பதாகச் சொன்னார்கள். அங்கேயே இருக்கட்டும், அவசரமில்லை. சனிக்கிழமை சம்பளம் போடுகிறார்கள், ஞாயிறு முழுக்க எனக்கு வீடு இருக்கிறது.

ஒன்று மட்டும். உங்கள் பிரிவில் டைப் அடிக்கும் அக்கா, நான் போயிருந்தபோது ஒரு கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டே மறு கையால் டைப் அடித்தார். புதன்கிழமை சாயந்திரம் எனக்கு ஆள் இல்லை, வரச் சொன்னால் நானே அவர் வீட்டுக்குப் போகிறேன். கட்டணம் எல்லாருக்கும் உள்ளதுதான். பில் மட்டும் கேட்க வேண்டாம்; பில் புக்கில் உரிம எண் போடும் இடம் இன்னும் காலியாக இருக்கிறது.

இப்படிக்கு,
9609