ஊசி போடாத படிப்பு

கே: எம்.பி.எச். முடித்தவர் ஊசி போடலாமா? (சின்னசேலம்)

ப: போட முடியாது. ஊசி யாருக்கெல்லாம் போய்ச் சேரவில்லை என்று கணக்குப் போடலாம். மாஸ்டர் ஆஃப் பப்ளிக் ஹெல்த் எனும் இந்த இரண்டாண்டுப் படிப்பில் நோயாளி என்பது தனி ஆள் அல்ல. ஒரு தெரு, ஓர் ஊர், சில சமயம் ஒரு மலை. எம்.பி.பி.எஸ். கட்டாயமும் அல்ல. பல் மருத்துவம், செவிலியம், சித்த மருத்துவம் படித்தவர்களையும் பல நிறுவனங்கள் சேர்க்கின்றன. ஆனால் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ இதனால் வந்து ஒட்டிக்கொள்ளாது.

கே: ஆளைப் பார்க்காமல் அப்படி என்னதான் கற்பிப்பார்கள்? (சங்கராபுரம்)

ப: முதல் பாடம் நோய்ப்பரவலியல். யாருக்கு, எங்கே, எப்போது, ஏன் என்ற நான்கு கேள்விகள்தாம் அதன் முதலீடு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோர் உயிரைக் குடித்ததே அதற்குப் போதுமான பாடம். மெத்தனால் குடித்தவுடன் கொல்வதில்லை. கல்லீரல் அதை மெல்ல மெல்ல ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. கடும் அறிகுறிகள் தெரியப் பல மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூட ஆகும். அந்த இடைவெளியில் அதே சரக்கு அடுத்தவர் கைக்குப் போய்விடும். முதலில் வருவதோ வயிற்றுவலியும் வாந்தியும். பார்த்தால் சாதாரண வயிற்றுக் கோளாறு. ஒரே தெருவில் நாலு பேருக்குக் கண் மங்குகிறது என்று பட்டியல் போட்ட பிறகே விஷயம் வெளிச்சத்துக்கு வரும். வார்டு மருத்துவர் டயாலிசிஸ் பார்ப்பார். இந்தப் படிப்பு படித்தவர் அந்தப் பட்டியலைப் போடுவார். குற்றவாளியைப் பிடிப்பது காவல்துறையின் சிலபஸ்.

கே: கல்வராயன்மலைக்கு இதனால் என்ன பயன்? (வெள்ளிமலை)

ப: சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலையில் 3,000 பேருக்கு ஒன்று என்பது நாடு தழுவிய அளவுகோல். சலுகைதான். ஆனால் அது தலைகளை எண்ணுகிறது. கொண்டை ஊசி வளைவுகளை எண்ணுவதில்லை. வேலை தேடிக் கீழே இறங்கும் மலையாளிப் பழங்குடிக் குடும்பத்தோடு தடுப்பூசி பாக்கியுள்ள குழந்தையும் இறங்கிவிடுகிறது. பதிவேட்டில் பெயர் மலையில், பிள்ளை வேறு மாநிலத் தோட்டத்தில். இந்த ஓட்டையைக் கண்டுபிடித்து அடைப்பதற்குத்தான் சுகாதார அமைப்புகள் என்றொரு தனிப் பாடம்.

கே: எங்கே படிக்கலாம்? (தியாகதுருகம்)

ப: திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் இதில் மூத்தது, 1997-லிருந்து நடத்துகிறது. சென்னையில் ஐ.சி.எம்.ஆரின் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம், பக்கத்தில் புதுச்சேரி ஜிப்மர். கருணாபுரத்து நோயாளிகள் சிலரும் ஜிப்மருக்கே அனுப்பப்பட்டார்கள். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி எம்.பி.பி.எஸ். படிப்புக்கானது.

கே: வேலை கிடைக்குமா? (உளுந்தூர்பேட்டை)

ப: ஆய்வு நிறுவனங்கள், அரசுத் திட்டங்கள், தொண்டு நிறுவனங்களில் கிடைக்கும், பெரும்பாலும் ஒப்பந்தப் பணி. மாவட்ட சுகாதார அலுவலர் நாற்காலியில் கண் வைத்திருப்பவர் முதலில் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு வரவும்.