எஃப் போட்ட போல்ட்டு

பெட்ரோல் பங்குக்குள் வண்டி நுழைந்து நின்றதும் அப்பா சட்டென்று எழுந்து இறங்கி, கைகட்டாத குறையாக ஓரமாய் நிற்பார். பங்க் முதலாளிக்கு அவர் காட்டும் மரியாதை அது என்று எட்டு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். எங்கள் ஜீப்பின் டேங்க் ஓட்டுகிறவர் இருக்கைக்கு அடியில் இருக்கிறது, சீட்டைத் தூக்கினால்தான் மூடியே தெரியும், ஜில்லா கலெக்டரே ஓட்டி வந்தாலும் எழுந்துதான் ஆகவேண்டும் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

அது டிஸ்போசல் வண்டி. இரண்டாம் உலகப்போருக்காக 1941 முதல் 1945 வரை அமெரிக்காவில் வில்லிஸ் கம்பெனியும் ஃபோர்டு கம்பெனியும் 6 லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளிய ஜீப்புகளில் ஒன்று. சண்டை முடிந்தபின் ஊர் திரும்ப வழியில்லாமல், ஏலத்தில் போய், கைமாறி, மறுபடி கைமாறி, கடைசியில் ஏலக்காயை ஏலம் விடுகிற போடிநாயக்கனூருக்கே வந்து சேர்ந்தது. "சண்டைக்குப் போய்ட்டு வந்த வண்டிடா" என்று அப்பா சொல்லும்போது ஏதோ பெரியப்பாவைப் பற்றிச் சொல்வதுபோல இருக்கும். ஆனால் சண்டைக்குப் போன அந்தப் பச்சை நிறம் சர்க்காருடையது, போலீஸ் பிடிக்கும் என்று பயந்து, வாங்கிய வாரமே ஆள் வைத்து நீல பெயின்ட் அடித்தவரும் அவர்தான். மழையில் நனைந்தால் மட்டும் பானட்டில் நீலத்துக்கு அடியிலிருந்து ஒரு வெள்ளை நட்சத்திரம் மங்கலாக எழுந்து வரும். வெயில் வந்ததும் போய்விடும்.

அமெரிக்க வண்டியல்லவா, ஸ்டீயரிங் இடது பக்கம். போடிமெட்டு மலைப்பாதையின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் முன்னால் ஒரு மூங்கில் லாரி அகப்பட்டுவிட்டால், எதிரே என்ன வருகிறதென்று அப்பாவுக்குத் தெரியாது. வலது பக்கம் உட்கார்ந்திருக்கும் நான்தான் கழுத்தை நீட்டிப் பார்த்து "வரலாம்ப்பா" என்றோ "பொறுங்கப்பா" என்றோ சொல்லவேண்டும். வாழ்க்கையில் அதற்குப் பிறகு நான் பார்த்த எந்த உத்தியோகத்திலும் அத்தனை அதிகாரம் இருந்ததில்லை. ஒருமுறை குரங்கை வேடிக்கை பார்த்துக்கொண்டே "வரலாம்ப்பா" என்று சொல்லிவிட்டேன். எதிரே பஸ் வந்தது. அப்பா திட்டவில்லை, ஓரம்கட்டி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒரு வாரம் அந்த வேலை அக்காவுக்குப் போனது. இன்றைக்கு என் மகன் வண்டியில் நாலு பக்கமும் காமிரா பார்த்துக் கூவுகிறது. குரங்கை வேடிக்கை பார்க்காது, உண்மைதான். முறுக்கு வாங்கித் தரச் சொல்லியும் கேட்காது.

ராத்திரியில் மலையில் வண்டி நின்றுவிட்டாலும் கவலையில்லை. முகப்பு விளக்கின் திருகைத் தளர்த்தி விளக்கைப் பின்பக்கமாகப் புரட்டினால் வெளிச்சம் நேரே என்ஜின்மேல் விழும். அப்பா அந்த வெளிச்சத்தில் கார்புரேட்டரைக் கழற்றி ஊதிக்கொண்டிருப்பார். நானும் அக்காவும் விளக்குக்கு வரும் விட்டில்களை எண்ணிக்கொண்டிருப்போம். வண்டி கிளம்பிவிட்டால் எங்களுக்கு வருத்தமாக இருக்கும்.

வண்டியோடு வந்த தட்டுமுட்டுச் சாமான்களுக்கும் வீட்டில் ஆளுக்கொரு பாத்தியதை. தோட்டாப் பெட்டியின் மூடியில் ரப்பர் பட்டை உண்டு, காற்றுப் புகாது. அதில் அம்மா போட்டுவைத்த வடகம் அடைமழையிலும் நமுத்ததில்லை. 20 லிட்டர் ஜெர்ரிகேனில் ரேஷன் மண்ணெண்ணெய். ஜெர்மன்காரன் கண்டுபிடித்து, அவனிடமிருந்து பிடுங்கிப் பார்த்துப் பிரிட்டிஷ்காரன் காப்பியடித்த தகரம் அது. மேலே ஒன்றுக்கு மூன்று கைப்பிடி. இரண்டு சிப்பாய்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்குவதற்காக அப்படி வைத்தார்களாம், நானும் அக்காவும் அப்படித்தான் ரேஷன் கடையிலிருந்து தூக்கி வந்தோம், பாதி வழியில் யார் பக்கம் கனம் என்று சண்டை போட்டுக்கொண்டு. அதே மாதிரி துருப்பிடித்த தகரம் ஒன்றைப் போன வருஷம் நான் வாங்கிய விலையை அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.

இங்கேதான் என் புத்திசாலித்தனத்தைப் பற்றிச் சொல்லவேண்டியிருக்கிறது. 1973-இல் அரபு நாடுகள் எண்ணெயைப் பிடித்துவைத்துப் பெட்ரோல் விலை எகிறியதும், காலேஜில் படித்துக்கொண்டிருந்த நான்தான் நோட்டுப் புத்தகத்தில் மைல் கணக்குப் போட்டு, டீசல் என்ஜின் மாற்றினால் எவ்வளவு மிச்சம் என்று அப்பாவுக்கு நிரூபித்தேன். அந்த அறுபது குதிரை சக்தி பெட்ரோல் என்ஜினைப் பழைய இரும்புக்காரரிடம் கிலோ கணக்கில் பேரம் பேசி விற்றவனும் நான்தான். வந்த காசில் ஒரு பெல்பாட்டம் தைத்துக்கொண்டேன். தராசில் ஏறும்போது அப்பா அந்த என்ஜினை ஒருதரம் தட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். அதற்கெல்லாம் அர்த்தம் பார்க்கிற வயதா எனக்கு?

அதற்கும் முன்னால் ஒரு பாவம் செய்திருக்கிறேன். எங்கள் வண்டியின் போல்ட்டுத் தலைகளில் வளைந்த எழுத்தில் ஒரு 'எஃப்' இருக்கும். மெக்கானிக் பாயிடம் என்னவென்று கேட்டேன். "ஃபிட்டுனு அர்த்தம் தம்பி" என்றார். ஃபோர்டு கம்பெனி தன் கையால் செய்த பாகங்களிலெல்லாம், போல்ட்டு உட்பட, அந்த எழுத்தைக் குத்தியிருந்தது என்று அவருக்கும் தெரியாது. துருப்பிடித்ததென்று பாய் கழற்றிப்போட்டவற்றையெல்லாம் டிரவுசர் பை கிழியக் கிழிய அள்ளிக்கொண்டுபோய், மாந்தோப்பில் உண்டிவில்லில் வைத்து அடித்தேன். நல்ல கனம், குறி தப்பாது.

இப்போது வண்டி என் பொறுப்பு. 2021-இல் மத்திய அரசு விதி போட்டது: 50 வயது தாண்டிய வண்டியை, பிறந்த கோலம் மாறாமல் வைத்திருந்தால், 20,000 ரூபாய் கட்டி விண்டேஜ் என்று பதிந்துகொள்ளலாம், எண்ணின் நடுவே 'விஏ' என்று கௌரவ எழுத்தும் கிடைக்கும். பிறந்த கோலம்! உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகள், புதுப்பேட்டைச் சந்துகள் எல்லாம் அலைந்து, கிலோ கணக்கில் விற்ற என்ஜினைக் கிராம் கணக்கில் வாங்கிவந்தேன். பெயின்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். மேலே கிரீம், அடியில் சிவப்பு, 1967 தேர்தலில் காலையில் ஒரு கட்சிக்கும் மாலையில் எதிர்க்கட்சிக்கும் மைக் கட்டி ஓடிய காலத்து நீலம், அதற்கும் அடியில் கடைசியாக அந்தப் பச்சை. அதைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிவைக்க வேண்டியதாயிற்று. ராணுவ வண்டியைத் தவிர வேறெதற்கும் ஆலிவ் பச்சை அடிக்கக்கூடாது என்று மோட்டார் வாகன விதி இருக்கிறது. அப்பா பயந்தது சரிதான். நீலமே அடித்தேன்.

இன்னொரு நிபந்தனை, விண்டேஜ் வண்டியைத் தினப்படி ஓட்டக்கூடாது. கண்காட்சிக்குப் போகலாம், பழுதுபார்க்கப் போகலாம், எரிபொருள் நிரப்பப் போகலாம். ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் பெட்ரோல் போடுவதற்காக ஜீப்பை எடுக்கிறேன், போய்வருவதில் அந்தப் பெட்ரோல் தீர்ந்துவிடுகிறது, அடுத்த ஞாயிறும் போகவேண்டியிருக்கிறது. பங்கில் வேலை செய்யும் பையன் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு மூடி எங்கே என்று வண்டியை ஒரு சுற்றுச் சுற்றுவான். நான் எழுந்து, இறங்கி, ஓரமாய் நிற்பேன். பேத்தி வலது பக்கம் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். என்ன நினைக்கிறாளோ, நான் கேட்டதில்லை.

போல்ட்டுகளில் மட்டும் இன்னும் பதினொன்று குறைகிறது. போடி பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிற புண்ணியவான்கள் யாராவது இதைப் படித்தால், மண்வெட்டியில் 'எஃப்' போட்ட துரு ஏதாவது தட்டுப்பட்டால், தூக்கி எறிந்துவிடாதீர்கள். கேட்கிற விலை தருகிறேன். அடித்தவன் நான்தான்.