சளிநூல்: பச்சையியல்

மாணாக்க, மூக்கைச் சிந்தியவுடன் கைக்குட்டையை மடித்துவிடாதே, மடிக்குமுன் உற்றுநோக்கு. இந்நூலின் பொருள் அதில்தான் உள்ளது.

1. வகை. சிந்தப்படும் சளி நிறத்தால் மூவகைப்படும்: தெளிசளி, மஞ்சட்சளி, பச்சைச்சளி. முன்னிரண்டும் எளியவை, கல்லாதாரும் அறிவர். ஈண்டு ஆராயப்படுவது பச்சை ஒன்றே.

2. நிறத்தோற்றம். பச்சையை நோயுயிரின் நிறம் என்பார் உளர். அவர் கூற்றுப் பொருந்தாது. என்னை? மூக்கினுள் புகுந்த நோயுயிரை வெள்ளைக் குருதிக்கலங்கள் சூழ்ந்து பொருது மாயும். அவற்றுள் மையலோபெராக்சிடேசு என்னும் நொதி, கலத்தின் உலர்எடையில் ஏறத்தாழ 5 விழுக்காடு உண்டு. இதன் நடுவே இரும்பைத் தாங்கிய வளையம் ஒன்று அமைந்திருக்கும். அதனைச் 'செங்கரு' என்க. பிற நொதிகளில் பெரும்பாலும் சிவப்போ பழுப்போ காட்டும் செங்கரு, இந்நொதியில் புரதத்தோடு மூன்றிடத்தில் பிணைந்து, வளைந்து, பச்சை காட்டும். 1941-இல் சுவீடன் நாட்டு அறிஞர் அக்னர் இதனைப் பிரித்தெடுத்துப் பச்சைநொதி என்றே பெயரிட்டார்.

3. தொழில். இப்பச்சை நிற்பதும் கெடுவதும் செங்கருவின் தொழிலைப் பொறுத்தன. செங்கரு நொதிகள் குளோரினோடு கொள்ளும் தொழில் நான்கு: ஆக்கல், அவித்தல், அழிதல், தன்னழிதல். குளோரினை இனிப் பாசிகம் என்போம்.

3.1. ஆக்கலாவது, உயிர்வளிமிகுநீரை (ஐதரசன் பெராக்சைடை) உப்பின் பாசிகத்தோடு கூட்டி வெளுகாடி செய்தல். துணிவெளுக்கும் நீர்மத்தில் தொழிற்படுவதும் இக்காடியே. ஆக்கல் இருவகை:
(அ) கொல்லாக்கல். நோயுயிரைக் கொல்வது, மையலோபெராக்சிடேசின் தொழில்.
(ஆ) ஏற்றாக்கல். தான் செய்யும் பொருளில் பாசிகத்தை ஏற்றுவது. கால்டாரியோமைசிசு என்னும் பூஞ்சையிடம் காண்க.

3.2. அவித்தலாவது, ஒரு பாசிகமும் ஈருயிர்வளியும் கூடிய நச்சினைப் பிளந்து, பாசிகத்தை உப்புநிலைக்கும் உயிர்வளியை வளிநிலைக்கும் மீட்டல். பெர்குளோரேட்டை மூச்சுக்குப் பயன்கொள்ளும் டெக்குளோரோமோனாசு என்னும் நுண்ணுயிரிடம் இத்தொழில் உண்டு. அம்மூச்சின் இடையே அந்நச்சு பிறத்தலின், அவித்தல் அதற்கு இன்றியமையாதது.

3.3. அழிதலாவது, பிறர் ஆக்கிய வெளுகாடியால் செங்கரு கெடுதல். பாலிலும் உமிழ்நீரிலும் உள்ள லாக்டோபெராக்சிடேசு இதற்கு எடுத்துக்காட்டு. இக்கேடு மூன்று உறுப்புடைத்து: வளையமுறிவு, இரும்புதிர்வு, நிறநீக்கம்.

3.4. தன்னழிதலாவது, தான் ஆக்கியதால் தானே கெடுதல். இதற்கு மையலோபெராக்சிடேசு எடுத்துக்காட்டு. வெளுகாடி அளவுபட நின்றால், செங்கருவின் இரும்பு உயிர்வளியை ஏற்று 'முதல்நிலை' எய்தும், அந்நிலை மீளத்தக்கது. அளவிறந்தால் மேற்சொன்ன மூன்று உறுப்பும் நிகழும், அது மீளாதது. இவை முறையே மீள்திரிபு, மீளாத்திரிபு எனப்படும்.

4. ஐயமறுத்தல். பச்சையுடைய நொதி பச்சையை அழிக்கும் காடியைத் தானே ஆக்குமாயின், பச்சை எஞ்சுவது எங்ஙனம்? நன்று வினவினாய். கந்தகமும் நைட்ரசனும் தாங்கிய புரத உறுப்புகள் அருகில் மிகப்பல. அவை முந்திக்கொண்டு வெளுகாடியைப் பற்றிவிடும். தப்பியதே செங்கருவைச் சேரும். ஆகவே நொதியிற் பெரும்பகுதி நிறம் கெடாது நிற்கும்.

5. தேறல். பச்சையைக் கண்டு, வந்தது தீநுண்மியோ பிற நுண்ணுயிரோ எனத் துணிதல் கூடாது. வெள்ளைக் கலங்கள் திரண்டன என்னும் அளவே தேறப்படும். இது கடந்து கூறுவாரை ஆசிரியர் உடன்படார்.

6. புறனடை. பிறப்பிலேயே மையலோபெராக்சிடேசு இல்லாத மக்களும் உளர். அவருள் பெரும்பாலோர் நோயின்றி வாழ்தலின், அவர் வகைப்பாடு இந்நூற்கு இடர் செய்யாது. கோழியின் குருதிக்கலங்களிலும் இந்நொதி இல்லை. அதன் சீழ் இப்பச்சையைக் காட்டாது இறுகிக் கிடக்கும். அதன் இயல்பு பெரிது. கோழிச்சளியியல் எனத் தனிநூலாக விரித்துரைக்கப்படும்.