தூங்கும்போது வரும் பத்து சென்ட்

2020 ஜூன் 1. ஊரடங்கு. கல்யாண மண்டபங்களுக்குப் பூட்டு. வளைகாப்பும் காதுகுத்தும் வீட்டுக் கூடத்திலேயே நாலு பேரோடு முடிந்துகொண்டிருந்தன. கேமராவை நம்பிப் பிழைத்தவர்கள், லென்ஸை மட்டும் விற்கலாமா, மொத்தமாகவே விற்றுவிடலாமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நாளாகப் பார்த்து, இணையத்தில் படம் விற்கும் நியூயார்க்கின் ஷட்டர்ஸ்டாக் நிறுவனம் தனக்குப் படம் தருகிறவர்களின் கூலியைத் திருத்தியது. அதுவரை சந்தாக்காரர் ஒருவர் ஒரு படத்தை டவுன்லோட் செய்தால், எடுத்தவருக்குக் குறைந்தது 25 சென்ட். மொத்த வருமானம் ஏற ஏற 38 சென்ட் வரை போகும். அன்று முதல் குறைந்தபட்சம் 10 சென்ட்.

பத்து சென்ட் என்றால் நம் காசில் எட்டு, ஒன்பது ரூபாய். சென்னையில் அதற்கு ஒரு டீ கிடைக்காது. மீதியைக் கடன் சொல்ல வேண்டும்.

புதிய ஏற்பாட்டில் ஆறு படிகள் வைத்தார்கள். ஒரு வருடத்தில் முதல் 100 டவுன்லோட் வரை விலையில் 15 சதவீதம் உங்களுக்கு. நூறைத் தாண்டினால் 20. இப்படியே ஏறி, 25,000 தாண்டினால் 40. நன்றாகத்தானே இருக்கிறது என்கிறீர்களா? ஜனவரி 1 காலையில் எல்லோரும் மறுபடி முதல் படியில் நிற்க வேண்டும். பரமபதத்தில் பாம்பு கடித்தால் தாயக்கட்டையைக் குறை சொல்லலாம். இங்கே காலண்டரே பாம்பு.

கணக்கையும் பார்த்துவிடுவோம். மாதம் 750 படங்களுக்கு 199 டாலர் என்று ஒரு சந்தா இருந்தது. படம் ஒன்றுக்கு 27 சென்ட்கூட இல்லை. அதில் 15 சதவீதம் நான்கு சென்ட். நாலு சென்டை நீட்ட அவர்களுக்கே கூச்சமாக இருந்திருக்க வேண்டும். பத்து என்று வைத்தார்கள். இதற்குப் பெயர் பெருந்தன்மை.

உலகம் முழுக்கப் புகைப்படக்காரர்கள் கொதித்தார்கள். பலர் தங்கள் படங்களை மொத்தமாக விற்பனையிலிருந்து எடுத்தார்கள். நிறுவனம் அசைந்து கொடுக்கவில்லை. கிடங்கில் கோடிக்கணக்கில் படம் கிடக்கும்போது சில லட்சம் போனால் யாருக்கு என்ன நஷ்டம்?

இத்தனைக்கும் இந்த நிறுவனத்தை 2003-இல் தொடங்கிய ஜான் ஓரிங்கரே கேமரா தூக்கியவர்தான். தான் எடுத்த 30,000 படங்களைப் போட்டுத்தான் கடை திறந்தார். இதற்கு முன்பே, 2000-இல், கனடாவின் கால்கரியில் ஐஸ்டாக் தொடங்கியபோது அது படம் எடுக்கிறவர்கள் தங்களுக்குள் இலவசமாகப் பரிமாறிக்கொள்ளும் இடம். ஆறே வருடத்தில் படம் விற்கும் இன்னொரு நிறுவனமான கெட்டி இமேஜஸ் அதை 5 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. நட்புக்காகப் பரிமாறப்பட்ட படங்களுக்கு அவ்வளவு விலை. அங்கேயும், உனக்கு மட்டும்தான் தருவேன் என்று எழுதிக் கொடுக்காதவருக்குப் படத்துக்கு 15 சதவீதம்தான். மீதி 85 சதவீதம் எதற்கு? கடையைத் திறந்து வைத்திருப்பதற்கு.

சரி, அந்தப் பத்து சென்ட்டாவது சும்மா வந்துவிடுமா?

தஞ்சாவூர்ப் பக்கம் நடவு வயலில் ஒரு பெண்ணைப் படம் எடுக்கிறீர்கள். வெளிச்சம் அருமை, முகம் அருமை. விளம்பரத்துக்கு விற்க வேண்டுமானால் மாடல் ரிலீஸ் வேண்டும். ஆங்கிலத்தில் அச்சடித்த காகிதம். பெயர், பிறந்த தேதி, முகவரி, கையெழுத்து. பக்கத்தில் சாட்சிக் கையெழுத்து. சேற்றுக் கையோடு வரப்பில் ஏறி நிற்கிற அக்கா கேட்பார்: "எதுக்குத் தம்பி கையெழுத்து? பின்னால கேஸு கீஸு வருமா?" கேட்பதில் என்ன தப்பு? புரியாத காகிதத்தில் கையெழுத்து வாங்கிப் போனவர்கள் இதுவரை நிலத்தைத்தான் கொண்டுபோயிருக்கிறார்கள்.

அடுத்தது கீவேர்டு. ஒரு படத்துக்கு ஐம்பது வரை போடலாம். வயல், நாற்று, பெண், ஆசியா, கிராமம், பாரம்பரியம். அந்த அக்காவுக்குத் தன்னைப் பற்றி ஐம்பது சொல் தெரியாது. உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். கடைசியில் கை தயங்கினாலும் 'வறுமை'யையும் தட்டிவிடுவீர்கள். தேடுகிறவன் எதைத் தேடுவான் என்று உங்களுக்கா தெரியாது?

பிறகு பரிசீலனை. 'நாய்ஸ் அதிகம்', 'ஃபோகஸ் சரியில்லை', 'இதே மாதிரிப் படம் ஏற்கெனவே இருக்கிறது' என்று திரும்பி வரும். எல்லாம் தாண்டினால் வரி. டபிள்யூ-8 பென் என்று ஓர் அமெரிக்கப் படிவம். நிரப்பாவிட்டால் அமெரிக்காவில் விற்றதில் 30 சதவீதம் பிடித்தம். பான் எண்ணோடு நிரப்பினால் இந்திய ஒப்பந்தத்தின்படி 15. பத்து சென்ட்டில் ஒன்றரை சென்ட் அமெரிக்க அரசுக்கு. அவர்களுடைய ஏவுகணையில் ஓர் ஆணி நம்முடையது. இன்னொரு படக் கடையான அடோபி ஸ்டாக் கொஞ்சம் தேவலை, 33 சதவீதம் தருகிறது. ஆனால் கணக்கில் 25 டாலர் சேராமல் காசைத் தொட முடியாது. அதற்குள் பேரனுக்குக் காதுகுத்து வந்துவிடும்.

உள்ளூரிலாவது மரியாதை உண்டா? பத்திரிகையைப் புரட்டுங்கள். படத்தின் கீழே பொடி எழுத்தில் 'படம்: இணையம்'. இன்னும் தைரியசாலிகள் 'நன்றி: கூகுள்' என்று போடுகிறார்கள். கூகுள் எந்த ஊரில் கேமராவோடு அலைந்தது? 'மூலம்: நூலகம்' என்று போட்டு அடுத்தவர் கவிதையை அச்சிட்டால் சும்மா விடுவார்களா? ஃப்ளெக்ஸ் கடைகளில் இந்தப் பாசாங்குகூடக் கிடையாது. இருபதடிப் பேனரில் தலைவர் சிரிக்கிறார், பின்னால் சூரியோதயம், சூரியனின் குறுக்கே விற்பனைத் தளத்தின் வாட்டர்மார்க் அப்படியே ஓடுகிறது. பேனர் வைத்தவர் பார்க்கவில்லை. அடித்தவர் பார்த்தார், கவலைப்படவில்லை. இவர்கள்தான் அடுத்த வாரம் மேடையேறி உழைப்பாளியின் வியர்வை உலரும் முன் கூலி கொடுக்க வேண்டும் என்று பேசுவார்கள்.

மாநிலம் இப்படியென்றால் மத்தி சளைத்ததா? 2017-இல் உள்துறை அமைச்சகத்தின் ஆண்டறிக்கையில் ஒரு படம் வந்தது. இந்திய எல்லையில் வரிசையாக விளக்கு போட்டாயிற்றாம். பார்த்தால் அது ஸ்பெயின்-மொராக்கோ எல்லை. 2006-இல் ஒரு ஸ்பானியப் புகைப்படக்காரர் எடுத்தது. ஊடுருவலைத் தடுக்க வேண்டிய அமைச்சகம் அடுத்த நாட்டு எல்லையையே உள்ளே கொண்டுவந்துவிட்டது.

எளியவர்கள் எடுத்துப் போட்டால் மட்டும் படம் விற்கும் கடைக்காரர்களுக்கு எங்கிருந்தோ அறச்சீற்றம் வந்துவிடும். கேரல் ஹைஸ்மித் என்று ஓர் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர். ஆயிரக்கணக்கான படங்களை லைப்ரரி ஆஃப் காங்கிரசுக்குக் கொடுத்து, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தட்டும் என்றார். 2015 கடைசியில் அவர் நடத்தும் அறக்கட்டளைக்கு ஒரு கடிதம். உங்கள் தளத்தில் எங்கள் படத்தை அனுமதியின்றிப் போட்டிருக்கிறீர்கள், 120 டாலர் கட்டுங்கள். எந்தப் படம் தெரியுமா? அவரே எடுத்த படம். அலமி என்ற விற்பனை நிறுவனத்துக்காக வசூல் செய்கிறவர்கள் அனுப்பியது. தேடிப் பார்த்தால், அவர் தானமாகக் கொடுத்த 18,000-க்கும் மேற்பட்ட படங்களை கெட்டி விலை போட்டு வைத்திருந்தது. 100 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். பொதுச் சொத்தாகக் கொடுத்த பிறகு உங்களுக்கு உரிமை ஏது என்று பதிப்புரிமைக் கோரிக்கையை நீதிமன்றம் தள்ளியது. கொடுத்தவருக்கு உரிமையில்லை. எடுத்து விற்றவருக்குத் தடையில்லை. சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது.

சீனாவில் இந்தக் கூத்து வானம் வரை போனது. 2019 ஏப்ரலில் கருந்துளையின் முதல் படத்தை விஞ்ஞானிகள் உலகுக்கே பொதுவாக வெளியிட்டார்கள். விஷுவல் சைனா குரூப் அதைத் தன் சரக்கு என்று போட்டது. பிறகு பார்த்தால் சீனத் தேசியக் கொடிக்கும் அங்கே விலை இருந்தது. கருந்துளையை விழுங்கியதை மன்னித்திருப்பார்கள். கொடியில் கை வைத்ததும் விவகாரம் பெரிதாகி, கடைசியில் 3 லட்சம் யுவான் அபராதம்.

இனி வருவதற்குத்தான் நியாயமாக ஆத்திரப்பட வேண்டும்.

பத்து சென்ட்டுக்காக லட்சக்கணக்கானோர் கீவேர்டு ஐம்பதையும் ஒட்டி, கையெழுத்து வாங்கி, ஃபோகஸ் சரிபார்த்து ஏற்றிய படங்கள் இருக்கின்றனவே, அவை ஏஐ இயந்திரத்துக்கு ஏற்ற தீவனம். படமும் இருக்கிறது, அதில் என்ன இருக்கிறது என்ற விளக்கமும் இருக்கிறது. ஷட்டர்ஸ்டாக் ஓப்பன்ஏஐ உள்ளிட்ட நிறுவனங்களுக்கு அதை உரிமம் போட்டு விற்றது. 2023-இல் மட்டும் இந்த வகையில் வந்தது 10 கோடி டாலருக்கு மேல். படம் தந்தவர்களுக்கு? ஒரு நிதி ஏற்படுத்திப் பங்கு பிரித்தார்கள். அடோபி தன் கிடங்கின் படங்களை வைத்து ஃபயர்ஃபிளை என்ற படம் செய்யும் கருவியைப் பழக்கியது. என் படம் வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. நீங்கள் ஒப்புக்கொண்ட விதிகளில் அது அடக்கமாம். போனஸ் என்று ஒரு தொகை போட்டார்கள். எந்தக் கணக்கில் என்பது அவர்கள் சித்தம்.

நேர்மையான முறையில் பழக்கிய ஏஐ என்று அடோபி மார்தட்டியது. 2024-இல் வெளிவந்த செய்தி: பழக்கிய படங்களில் சுமார் 5 சதவீதம் மிட்ஜர்னி போன்ற போட்டிக் கருவிகள் செய்து கொடுத்தவை. அதாவது, திருட்டுப் பால் கலக்கவே மாட்டோம் என்று போர்டு மாட்டியவர்களின் கேனில் பக்கத்துக் கடைப் பால். ஏஐ செய்த படங்களை 2022 கடைசியிலிருந்தே அடோபி விற்பனைக்கு எடுத்துக்கொள்கிறது. 2023-இல் காசா போரைக் காட்டுவதாக இயந்திரம் கற்பனை செய்த படங்கள் அங்கே விலைக்குக் கிடைத்தன. சில செய்தித் தளங்கள் எந்தக் குறிப்பும் இல்லாமல் அவற்றை வெளியிட்டன. உயிரைப் பணயம் வைத்து அங்கே நிற்கிற புகைப்படக்காரரின் படம் விலை அதிகம். நடக்காத குண்டுவெடிப்பு மலிவு.

கெட்டி மட்டும் பொங்கியது. எங்கள் 1.2 கோடிப் படங்களைத் திருடிவிட்டார்கள் என்று 2023-இல், படம் செய்யும் கருவி வைத்திருக்கும் ஸ்டெபிலிட்டி ஏஐ மீது வழக்கு. அந்த இயந்திரம் செய்த படங்களில் கெட்டியின் வாட்டர்மார்க்கே கோணல்மாணலாகத் தெரிந்தது. திருடியவன் சட்டைப் பட்டனைக்கூட மாற்றவில்லை. அதே வருடம் செப்டம்பரில் கெட்டி தானும் ஒரு படம் செய்யும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2025 நவம்பரில் லண்டன் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது கெட்டிக்குக் கிடைத்தது ஏறக்குறைய ஒன்றுமில்லை. வாட்டர்மார்க் தெரிந்த சில படங்களில் மட்டும், வர்த்தக முத்திரை மீறல் என்ற அளவில் சிறு வெற்றி. வாட்டர்மார்க் கெட்டியுடையது. அதன் அடியில் இருக்கும் படம் வேறு யாரோ எடுத்தது. நீதி எதற்குக் கிடைத்தது பார்த்தீர்களா?

அந்தத் தீர்ப்புக்கு முன்பே, 2025 ஜனவரியில் கெட்டியும் ஷட்டர்ஸ்டாக்கும் ஒன்றாகச் சேர்கிறோம் என்று அறிவித்தன. சேர்ந்த மதிப்பு 370 கோடி டாலர் என்றார்கள். இந்தக் கடையில் குறைகிறது, அந்தக் கடைக்குப் போகிறேன் என்று சொல்லக் கொஞ்சநஞ்சம் இருந்த வழிக்கும் நல்ல நாள் பார்த்தார்கள்.

ஆனால் இதில் லாபம் பார்க்கிற தமிழர்களே இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. இருக்கிறார்கள். யூடியூபில் வருகிறார்கள். மொபைல் இருந்தால் போதும், தூங்கும்போதும் டாலர் கொட்டும் என்கிறார்கள். ஆன்லைன் வகுப்புக்கு 2,999 ரூபாய், இன்று இரவு பன்னிரண்டு மணி வரை மட்டும் 499. ஐநூறு ரூபாயைப் பத்து சென்ட்டாகத் திரும்ப எடுக்க எத்தனை பேர் உங்கள் படத்தை இறக்க வேண்டும் என்ற பாடம் அந்த வகுப்பில் கிடையாது. இப்போது மொபைலும் வேண்டாமாம். ஏஐயில் நாளொன்றுக்கு நூறு படம் செய்து ஏற்றுங்கள் என்று புதிய பேட்ச் ஆரம்பித்திருக்கிறார்கள். விளம்பரத்தில் கடற்கரை, தென்னை, மடியில் லேப்டாப்போடு கட்டை விரலை உயர்த்திக் காட்டும் இளைஞர். அந்தக் கையில் விரல் ஆறு.