படுவான்கரைக் கேமிங் பெட்டியின் ஆயுட்காலம்: ஒரு பூர்வாங்க ஆய்வு

பழைய கேமிங் கொம்பியூட்டரை மேம்படுத்துவதா, விட்டுவிடுவதா என்ற வினாவை உலக அறிஞர்கள் 'எத்தனை பிரேம் வருகிறது' என்ற ஒரே அளவுகோலால் அளந்துவருகின்றனர். பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டி வெல்லாவெளிக்கு வந்தால் அந்த அளவுகோல் செல்லாது. இங்கே தீர்ப்புச் சொல்வது பெரும்போக விளைச்சல் என்பதே இவ்வாய்வின் துணிபு.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட, வெல்லாவெளி விவசாயி ஒருவரின் மகனுடைய பெட்டியில் நான்காம் தலைமுறை இன்டெல் ஐ5, 8 ஜி.பி. டி.டி.ஆர்.3 ரேம், ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. கார்ட், முனகிக்கொண்டு சுழலும் ஹார்ட் டிஸ்க் ஆகியன உள. 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 பொதுவாக இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்கி வராது. அதே மாதத்தில், 1050 டி.ஐ. பிறந்த பாஸ்கல் வம்சத்துக்குப் புது விளையாட்டுகளுக்கான டிரைவர் வழங்குவதை என்விடியாவும் நிறுத்தியது. ஒரே மாதத்தில் இரண்டு மரண அறிவித்தல்கள். பெட்டிக்குத் தகவல் கிடைக்கவில்லைபோலும், இன்னும் ஓடுகிறது.

கார்டை மட்டும் மாற்றினால் போதும் என்பது மகனின் கருதுகோள். 1050 டி.ஐ. 75 வாட்டுக்குள் அடங்கி, மதர்போர்டிலிருந்தே மின்சாரம் எடுத்துச் சீவிப்பது. ஆர்.டி.எக்ஸ். 3060 கேட்பதோ 170 வாட். ஆகவே பவர் சப்ளை மாற வேண்டும். புதுக் கார்டுக்குப் பழைய ஐ5 ஈடுகொடுக்காது. சிப் மாற வேண்டும். புதுச் சிப் பழைய சொக்கட்டில் உட்காராது. போர்ட் மாற வேண்டும். புதுப் போர்டில் டி.டி.ஆர்.3 ஏறாது, ரேம் மாற வேண்டும். ரேம் விலையோ, செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சிப்புகளை அள்ளத் தொடங்கியதில், 2025 இன் பிற்பகுதியிலிருந்து மேலே போய்விட்டது. மிஞ்சுவது கேசிங்கும் மௌசும். மௌசிலும் ஒரு பட்டன் வேலைசெய்வதில்லை.

1967இல் ஜீன் அம்டால் இதற்கொரு விதி சொன்னார். ஒரு வேலையில் வேகப்படாமல் நிற்கும் பகுதிதான் மொத்த ஆதாயத்துக்கும் வரம்பு கட்டுகிறது. ஐந்தில் ஒரு பங்கு நேரம் தின்னும் பகுதியைக் கண்ணிமைப்பில் முடித்தாலும், மொத்த வேகம் 1.25 மடங்குக்கு மேல் கூடாது. அம்டாலை வாசித்திராத தகப்பன், திண்ணையில் இருந்தபடி இதையே வேறு விதமாக நிறுவினார்: "வெட்டு மெசின் ஒரு மணித்தியாலத்தில வெட்டிப் போடுது. மறுகா நெல்லு றோட்டில நாள்க்கணக்காக் காயுதே மனே, அதுக்கு எந்த மெசின வாங்குற?" அம்டாலின் நிறுவலைவிட இது சுருக்கமானது.

மேலைத்தேய ஆய்வாளர் எவரும் கணக்கில் எடுக்காத மாறி ஒன்றுண்டு: யானை. நள்ளிரவுக்குப் பின் யானை வட்டைக்குள் இறங்கும்போது ஊரில் விழித்திருப்பவன் கேமர் ஒருவனே. ஆகவே பெட்டிக்குக் காவற்பெறுமதி உண்டு; விடியும்வரை கேம் ஆடுவதைத் தகப்பன் கண்டிக்காததும், ஹெட்செட் வாங்க மட்டும் ஒருபோதும் சம்மதிக்காததும் இதனால்தான்.

மகனின் கடைசி வாதம் ஜி.டி.ஏ. 6. அந்த விளையாட்டு கன்சோல்களுக்கே அறிவிக்கப்பட்டது, கொம்பியூட்டருக்கு அல்ல என்பதை ஆய்வாளர் சுட்டிக்காட்டியபோது, "வரும்தானே" என்றான். இத்தகைய நம்பிக்கையை ஆய்வு முறைகளால் மறுக்க இயலாது.

இறுதியில் விளைச்சல் வரவு செலவைக் கூட்டிக் கழித்ததில் ஒரு சாட்டா எஸ்.எஸ்.டி. வாங்க மட்டும் பணம் ஒப்பேறியது. அதைப் பூட்டப் பெட்டியைத் திறந்தபோது, சிப்பின் விசிறிக்குள் ஒரு போகத்துத் தூசியும் இரண்டு பல்லி முட்டைகளும் இருந்தன. துடைத்து, காய்ந்துபோன தேர்மல் பேஸ்டைச் சுரண்டிப் புதிதாகப் பூசினர். விண்டோஸ் சில நொடிகளில் திறந்தது; சூடு இறங்கியது; பழைய கேம்கள் தடங்கலின்றி ஓடின. தகப்பன் வயலுக்குப் புறப்பட்டார். மொனிட்டர் வெறும் 60 ஹெர்ட்ஸ் என்பது அப்போதுதான் மகனின் கண்ணில் பட்டது.